ஒன்றுமே நடக்காத பள்ளிக்கூடக் கதை



பெற்றோர்கள் பள்ளிக்கு வரும் நாட்களில் இப்போதெல்லாம் அடிக்கடி காதில் விழும் குறை ஒன்று உண்டு. “டீச்சர், பிள்ளை எந்நேரமும் ஜப்பான் பொம்மைப் படம் பார்க்குது. எட்டிப் பார்த்தா நாலு பொண்ணுங்க உட்கார்ந்து தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இருக்காங்க. சண்டையும் இல்லை, கதையும் இல்லை. அதைப் பார்த்துச் சிரிக்குது. கடைசியில ஒரு நாள் அழவும் செய்யுது. அதுல அப்படி என்னதான் இருக்கு?”

நியாயமான கேள்விதான். இதே கேள்வியை ஜப்பானிய ரசிகர்களே 2009ஆம் ஆண்டில் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில் புதிதாக வந்த ஒரு பள்ளிக்கூட நகைச்சுவைப் படமும், அதற்குக் குரல் கொடுத்த ஐந்து இளம்பெண்களும், அவர்களைப் பார்த்து ரசிகர்கள் முதலில் சொன்னதும் பிறகு செய்ததும் நாம் அறிந்துகொள்ளத் தக்கவை. பிள்ளையைக் கண்டிப்பதற்கு முன் இதையும் படித்துவிடுங்கள்.

தேநீர் குடிக்கும் இசைக்குழு

ஜப்பானியர் தங்கள் சித்திரப் படங்களை ‘அனிமே’ என்பார்கள். நான் சொல்லும் அனிமேயின் பெயர் ‘கே-ஆன்!’. மெல்லிசையைக் குறிக்கும் ‘கெய் ஓங்காக்கு’ என்ற ஜப்பானியச் சொல்லின் சுருக்கம் அது. காக்கிஃபிளை என்ற புனைபெயர் கொண்டவர் நான்கு நான்கு கட்டங்களாக வரைந்து வந்த சித்திரக் கதையைக் கியோத்தோ அனிமேஷன் நிறுவனம் தொலைக்காட்சிப் படமாக்கியது.

கதை மிகச் சிறியது. ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் மெல்லிசைக் கழகம் ஒன்று இருக்கிறது. முந்திய ஆண்டு உறுப்பினர்கள் எல்லாரும் படிப்பு முடிந்து போய்விட்டார்கள். நான்கு பேர் சேராவிட்டால் கழகத்தை மூடிவிடுவார்கள். போதிய பேர் இல்லையென்றால் மூடிவிடுவோம் என்ற சொல் நம் காதுக்குப் புதியதல்லவே! நான்காவது ஆளாக யுய் என்ற பெண் வந்து சேருகிறாள். ‘மெல்லிசை’ என்றால் மிக எளிதான இசை, கைக்கட்டை தட்டினால் போதும் என்று நினைத்துப் பெயர் கொடுத்தவள் அவள். அவளுக்கு ஒரு கருவியும் வாசிக்கத் தெரியாது. விலகிக்கொள்ள வந்தவளுக்கு மற்ற மூவரும் ஒரு பாட்டை வாசித்துக் காட்டுகிறார்கள். “நீங்கள் ஒன்றும் பெரிய கெட்டிக்காரிகள் இல்லை” என்று சொல்லிவிட்டுச் சேர்ந்துகொள்கிறாள்!

அவள் ஆசைப்பட்ட கிட்டாரின் விலை 2,50,000 யென். தோழிகள் அவளுக்காகச் சாலையோரம் அமர்ந்து, போகிற வாகனங்களை எண்ணிக் குறிக்கும் கூலி வேலைக்குப் போகிறார்கள். அந்தப் பணம் போதவில்லை. கடைசியில் பணக்கார வீட்டுப் பெண்ணான ட்சுமுகி கடைக்காரரிடம் பேரம் பேசுகிறாள். விலை 50,000 யென்னுக்கு இறங்கிவிடுகிறது. அந்தக் கடையே அவள் குடும்பத்து நிறுவனத்தைச் சேர்ந்தது! இப்படித்தான் போகிறது கதை. பள்ளி விட்டதும் இசை அறையில் கூடுகிறார்கள். ட்சுமுகி கொண்டுவரும் அணிச்சலையும் தேநீரையும் ருசிக்கிறார்கள். அரட்டை அடிக்கிறார்கள். பாட்டுப் பயிற்சி எப்போதாவதுதான்.

ரசிகர்களில் ஒரு சாரார் முதலில் முகம் சுளித்தார்கள். இசைக்குழுக் கதை என்று சொல்லிவிட்டுப் பயிற்சியே இல்லையே, போட்டி இல்லை, தோல்வி இல்லை, காதலும் இல்லை, இது என்ன படம் என்றார்கள். மற்றொரு சாராரோ, வேலை முடிந்து களைத்து வரும் இரவில் இந்தப் பெண்களோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பதே சுகம் என்றார்கள். அது நள்ளிரவுக்குப் பிறகு ஒளிபரப்பான படம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

முகம் தெரியாத குரல்கள்

அனிமே ரசிகர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புதிய படம் ஒன்று வரப்போகிறது என்று அறிவித்தால், “யார் குரல்?” என்றுதான் அவர்கள் முதலில் கேட்பார்கள். சித்திரக் கதையைப் படிக்கும்போதே ஒவ்வொருவரும் தம் மனத்துக்குள் ஒரு குரலைக் கற்பனை செய்து வைத்திருப்பார்கள். அறிவிக்கப்பட்ட குரல் அதனோடு பொருந்தாவிட்டால் சண்டைக்கே வந்துவிடுவார்கள். வானொலி நாடகம் கேட்டு வளர்ந்த நம் மூத்தவர்களுக்கு இது விளங்கும். கேட்ட குரலை வைத்து நாமும் ஒரு முகத்தை வரைந்து வைத்திருந்தோம் அல்லவா?

யுய்க்குக் குரல் கொடுத்தவர் அக்கி தொயோசாக்கி. மியோவுக்கு யோக்கோ ஹிக்காசா, ரிட்சுவுக்கு சத்தோமி சத்தோ, பின்னால் வந்து சேரும் இளையவள் அசுசாவுக்கு அயானா தாக்கெதாட்சு. ட்சுமுகிக்குக் குரல் கொடுத்த மினாக்கோ கொத்தோபுக்கிக்கு அப்போது வயது 17தான். வேடிக்கை என்னவென்றால், கதையில் வரும் ட்சுமுகியின் குடும்பப் பெயரும் கொத்தோபுக்கிதான். எழுத்து வேறு, உச்சரிப்பு ஒன்று. ஐவரும் இளம் வயதினர். பெயர் பெற்ற மூத்தவர்கள் அல்லர். இந்தப் படத்தின் வெற்றிக்குப் பிறகுதான் இவர்கள் பெயர் பரவலாகப் பேசப்பட்டது.

இவர்கள் பேசியதோடு நிற்கவில்லை. படத்தின் தொடக்கப் பாடலையும் நிறைவுப் பாடலையும் இவர்களே பாடினார்கள். கதையில் வரும் குழுவின் பெயர் ‘ஹொக்காகோ டீ டைம்’, அதாவது பள்ளி விட்ட பிறகு தேநீர் நேரம். அந்தப் பெயரிலேயே 2009 ஜூலையில் ஓர் இசைத்தட்டு வந்தது; ஜப்பானின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. இல்லாத ஒரு குழுவின் இசைத்தட்டு, இருக்கிற பாடகர்களை எல்லாம் முந்திக்கொண்டது! 2010 மே மாதத்தில் இரண்டாம் தொடரின் இரு பாடல்கள் ஒரே வாரத்தில் முதலாம், இரண்டாம் இடங்களைப் பிடித்தன. 2009 டிசம்பர் 30ஆம் நாள் யொக்கொஹாமா அரங்கில் ரசிகர்கள் திரண்டிருக்க, குரல் கொடுத்த பெண்களே கருவிகளைக் கையில் ஏந்தி மேடையேறினார்கள்.

முதலில் “யார் இவர்கள்?” என்று கேட்ட ரசிகர்கள், யுய் வாசிக்கும் ரகக் கிட்டாரையும் மியோ வாசிக்கும் இடக்கை பேஸ் கிட்டாரையும் கடை கடையாகத் தேடி வாங்கினார்கள். பயிற்சியே செய்யாத பெண்கள் என்று கேலி செய்யப்பட்டவர்களைப் பார்த்து எத்தனையோ பேர் உண்மையாகவே பயிற்சி செய்யத் தொடங்கினார்கள். இதை என்னவென்று சொல்வது!

வாய்ச்சொல்லுக்கும் கூலி உண்டு

குரல் கொடுப்பது சும்மா பேசுவதுதானே என்று எண்ணிவிடக் கூடாது. மலாய் பேசும் டோரேமோனைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நம் வீடுகளில் பலர். ஜப்பானில் 1979 முதல் 2005 வரை அந்த நீலப் பூனைக்குக் குரல் கொடுத்தவர் நொபுயோ ஓயாமா என்ற பெண்மணி. அவர் 2024இல் தமது 90ஆவது வயதில் காலமானபோது, அவர் குரலைக் கேட்டு வளர்ந்து தாத்தா பாட்டி ஆனவர்களும் அழுதார்கள்.

ஜப்பானில் பெரும்பாலும் படத்தை வரைந்த பிறகே குரலைப் பதிவு செய்கிறார்கள். திரையில் ஓடும் படத்தில் பல சமயம் வண்ணம்கூட இருக்காது; கோடுகள் மட்டுமே இருக்கும். அந்தக் கோட்டின் வாயசைவுக்குள் சிரிப்பையும் விம்மலையும் அடக்கிவிட வேண்டும். ஓர் அறையில் சில ஒலிவாங்கிகள்தாம் நிற்கும். தம் முறை வரும்போது முன்னே வந்து பேசிவிட்டு, அடுத்தவருக்கு வழிவிட்டு ஓசைப்படாமல் பின்வாங்க வேண்டும். கையிலிருக்கும் வசனத் தாளைப் புரட்டும் சத்தம்கூடப் பதிவாகிவிடக் கூடாது. தேநீரை உறிஞ்சும் ஒலி, அணிச்சலைக் கண்டு மூச்சிழுக்கும் ஒலி, தூங்கி வழியும் முனகல், எல்லாமே அவர்கள் தொண்டையிலிருந்து வருவதுதான். ஒன்றுமே நடக்காத கதையில் பார்ப்பவரைக் கட்டிப்போடுவது அந்த உழைப்புத்தான்.

கூலி எவ்வளவு தெரியுமா? சங்கத்தின் ஒப்பந்தப்படி, புதியவர்களுக்கான படியில் இருப்பவருக்கு அரை மணி நேரப் படம் ஒன்றுக்கு 15,000 யென். நம் பணத்தில் சுமார் 400 வெள்ளி. ஒரு வரி பேசினாலும் நூறு வரி பேசினாலும் அதேதான். பால் எடை பார்த்துச் சம்பளம் எண்ணிய நமக்கு இது வியப்பாக இருக்கும். அதிலும் முகவர் நிறுவனத்துக்கு ஒரு பங்கு போய்விடும். வாரத்துக்கு ஒரு படம் கிடைப்பதே அதிர்ஷ்டம். எனவே புதியவர்கள் பலர் பகலில் குரல் கொடுத்து, இரவில் உணவுக் கடையிலோ பலசரக்குக் கடையிலோ வேலை பார்க்கிறார்கள்.

இந்தக் கூலியும் தானாக வந்துவிடவில்லை. 1973 ஆகஸ்டில் ஜப்பானியக் குரல் நடிகர்கள் ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்து, தெருவில் இறங்கி ஊர்வலம் போனார்கள். திரையில் முகம் தெரியாதவர்கள் அன்று முகத்தைக் காட்டினார்கள். அதன் பிறகே கூலி ஏறத்தாழ மூன்று மடங்காக உயர்ந்தது. ஒற்றுமையாகக் கேட்டால்தான் கிடைக்கும் என்பது தோட்டத்துக்கு மட்டும் பொருந்தும் பாடமன்று.

வரைந்த கைகள்

படத்தை வரைந்த நிறுவனத்தின் கதையையும் சொல்லிவிட வேண்டும். யோக்கோ ஹத்தா என்ற பெண்மணி, கியோத்தோவை அடுத்த ஊஜி என்ற ஊரில், 1981இல் அக்கம்பக்கத்து இல்லத்தரசிகளைச் சேர்த்துக்கொண்டு, பிற நிறுவனங்களின் சித்திரங்களுக்கு வண்ணம் தீட்டிக் கொடுக்கும் வேலையைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து கியோத்தோ அனிமேஷன் ஆயிற்று. அனிமேத் தொழிலில் எத்தனை படம் வரைந்தாய் என்று எண்ணிக் கூலி கொடுப்பதே வழக்கமாக இருக்க, இந்த நிறுவனம் தன் ஊழியர்களை மாதச் சம்பளத்தில் வைத்துக்கொண்டது. ‘கே-ஆன்!’ படத்தை இயக்கிய நவோக்கோ யமாதாவுக்கு அப்போது வயது 24. திரைக்கதைப் பொறுப்பை ஏற்ற ரெய்க்கோ யோஷிதாவும், பாத்திரங்களுக்கு உருவம் கொடுத்த யுக்கிக்கோ ஹொரிகுச்சியும் பெண்களே. பெண்பிள்ளைகள் சும்மா கூடிப் பேசும் நேரத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று அந்தப் பெண்கள் அறிந்திருந்தார்கள்.

2019 ஜூலை 18ஆம் நாள் அந்த நிறுவனத்தின் கட்டடத்துக்குள் ஒருவன் புகுந்து தீ வைத்தான். 36 பேர் மாண்டார்கள். ‘கே-ஆன்!’ படத்தில் வேலை செய்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அப்போது உலகெங்கும் இருந்து ரசிகர்களும் மற்றவர்களும் அனுப்பிய நன்கொடை 330 கோடி யென்னுக்கு மேல் சேர்ந்தது. பொம்மைப் படம் என்று நாம் சொல்வதை வரைந்தவை மனிதக் கைகள் என்பதை அந்த ரசிகர்கள் மறந்துவிடவில்லை.

இடிபடாமல் பிழைத்த பள்ளி

ஆசிரியை என்ற முறையில் என் மனத்தைத் தொட்டது இதற்குப் பின் வரும் செய்திதான்.

படத்தில் வரும் பள்ளிக்கூடம் கற்பனை அன்று. ஜப்பானின் மிகப் பெரிய ஏரியான பிவா இருக்கும் ஷிகா மாநிலத்தில் தொயோசாத்தோ என்ற சிற்றூர் உண்டு. அங்குள்ள தொடக்கப் பள்ளியின் பழைய கட்டடத்தைத்தான் படத்தில் அப்படியே வரைந்திருக்கிறார்கள். அதைக் கட்டிக் கொடுத்தவர் தெத்சுஜிரோ ஃபுருக்காவா. அதே பள்ளியில் படித்து, மருபெனி என்ற வணிக நிறுவனத்தில் உயர்ந்த பதவிக்குப் போனவர். தம் சொத்தில் பெரும் பகுதியைக் கொடுத்து, 1937இல் ஊர்ப் பிள்ளைகளுக்காகக் கான்கிரீட் கட்டடம் எழுப்பினார். வரைபடம் தீட்டியவர், ஆங்கில ஆசிரியராக ஜப்பானுக்கு வந்து கட்டடக் கலைஞராகிவிட்ட வில்லியம் மெரல் வோரிஸ் என்ற அமெரிக்கர். மாடிப்படியின் கைப்பிடியில் முயலும் ஆமையும் வெண்கலச் சிலைகளாக ஏறிச் செல்கின்றன. கீழ்ப்படியில் முயல் பாய்கிறது, நடுவில் தூங்கிவிடுகிறது, உச்சிக்கு ஆமை போய்ச் சேருகிறது. நாள்தோறும் படியேறும் பிள்ளைக்கு வேறு புத்தி சொல்ல வேண்டுமா?

அந்தப் பள்ளியை இடித்துவிட்டுப் புதிது கட்ட வேண்டும் என்று ஊர் நிருவாகம் முடிவு செய்தது. பழைய கட்டடம் நிலநடுக்கத்தைத் தாங்காது என்பது அவர்கள் சொன்ன காரணம். ஊர் மக்களில் பலர் ஒப்பவில்லை. 2002 டிசம்பரில் நீதிமன்றம் தடை விதித்த பிறகும் இடிக்கும் வேலையில் இறங்கினார்கள், சன்னல்கள் உடைந்தன. முன்னாள் மாணவர்களும் பெற்றோர்களும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்கள். 2003 மார்ச்சில் வாக்கெடுப்பு நடத்தி ஊர்த் தலைவரைப் பதவியிலிருந்தே இறக்கினார்கள். அடுத்த மாதத் தேர்தலில் அவரே மீண்டும் வென்றார் என்பது வேறு விஷயம்! ஊர் இரண்டுபட்டாலும் கட்டடம் பிழைத்துக்கொண்டது. பக்கத்தில் புதுப்பள்ளி எழுந்து பிள்ளைகள் 2004இல் அங்கே மாறினார்கள். பழைய கட்டடம் பிள்ளைகளின் சத்தமில்லாமல் நின்றது.

செப்பனிடப்பட்டு, 2009 மே மாதத்தில் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அதற்கு முந்திய மாதம்தான் ‘கே-ஆன்!’ ஒளிபரப்பாகத் தொடங்கியிருந்தது. படத்தில் வந்த மாடிப்படியையும் ஆமையையும் ரசிகர்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். தூர ஊர்களிலிருந்தும் வரத் தொடங்கினார்கள். மூன்றாம் மாடியில் கதையின் இசை அறைக்கு மாதிரியான அறையில், மேசைகளைப் படத்தில் உள்ளபடி கூட்டிப் போட்டுத் தேநீர்க் கோப்பைகளை அடுக்கினார்கள். கரும்பலகையில் யுய்க்கும் மியோவுக்கும் பிறந்தநாள் வாழ்த்து எழுதினார்கள். ஊராரும் சும்மா இருக்கவில்லை. பிள்ளைகள் சாலையைக் கடக்கும் இடம் என்று எச்சரிக்க அங்கே தெருவோரம் பலகைப் பொம்மைகளை நிறுத்துவது வழக்கம். அந்தப் பொம்மைகளை இந்தப் பெண்களின் உருவத்தில் செய்து வைத்தார்கள். 2013இல் அந்தப் பழைய பள்ளி நாட்டின் பதிவு பெற்ற பண்பாட்டுச் சொத்துகளில் ஒன்றாயிற்று.

கட்டடத்தைக் காப்பாற்றியது படம் அன்று. அன்றைக்கு உள்ளே போய் உட்கார்ந்த ஊர்ச்சனங்கள்தாம். அவர்கள் முன்பே விட்டுக்கொடுத்திருந்தால், ரசிகர்கள் வந்து பார்க்க அங்கே ஒரு படிக்கட்டுகூட மிஞ்சியிருக்காது. ஆனால், காப்பாற்றிய கட்டடத்துக்குப் பேச்சுச் சத்தத்தைத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள், ஒன்றுமே நடக்காத ஒரு கதையை நேசித்தவர்கள்.

பிள்ளை ஏன் அழுதது?

இப்போது தாய்மார்களின் கேள்விக்கு வருவோம். 2010இல் வந்த இரண்டாம் தொடரின் கடைசிப் பகுதியில் நான்கு பெண்களும் பள்ளிப் படிப்பை முடித்துவிடுகிறார்கள். ஓராண்டு இளையவளான அசுசா மட்டும் பின்தங்கி நிற்கிறாள். போகாதீர்கள் என்று அழுகிறாள். நால்வரும் அவளுக்கென்றே ஒரு பாட்டை எழுதிப் பாடுகிறார்கள். அவ்வளவுதான். யாரும் சாகவில்லை, யாரும் கெட்டுப்போகவில்லை. பள்ளி நாள் முடிந்துவிட்டது, அவ்வளவே. பயிற்சி செய்யாமல் பொழுதைப் போக்கினார்களே என்று முதலில் குறைப்பட்ட ரசிகர்களுக்கும் அப்போதுதான் உறைத்தது: அந்தத் தேநீர்ப் பொழுதுதான் கதை. அது திரும்பி வராது.

தோட்டப் பள்ளியில் படித்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். வாய்பாடு மறந்திருக்கும். பள்ளித் திடலில் ஒரு ஐஸ்கட்டியை நால்வர் பங்கு போட்டுத் தின்றது மறந்திருக்காது. தோட்டம் கைமாறி, லயன் வீடுகள் போய், பட்டணத்து அடுக்குமாடியில் ஆளுக்கொரு பக்கம் குடியேறிய பிறகு, அந்த நால்வரில் ஒருவரைச் சந்தையில் கண்டால் கண்ணில் நீர் வருகிறதே, அது எதற்காக? உங்கள் பிள்ளை அழுததும் அதற்காகத்தான்.

அதற்காக விடிய விடியப் பார்க்கட்டும் என்று நான் சொல்லவில்லை. வீட்டுப்பாடம் முடிய வேண்டும். நேரத்தோடு தூங்க வேண்டும். இன்னொன்றையும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். குரலை நேசிக்கலாம், குரலுக்குரியவர் நம் உடைமை அல்லர். ஜப்பானில் குரல் நடிகை ஒருவர் திருமணம் என்று அறிவித்தால், ஏதோ தம்மை ஏமாற்றிவிட்டதுபோல் கோபப்படும் ரசிகர்களும் இருக்கிறார்கள். அசுசாவின் குரலான அயானா தாக்கெதாட்சு 2019 ஜூனில் சக குரல் நடிகர் யூக்கி கஜியை மணந்துகொண்டார். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் உரிமை எல்லா உழைப்பாளிக்கும் உண்டு அல்லவா? வாழ்த்திவிட்டு வழிவிடுவதே நல்ல ரசிகனுக்கு அழகு.

ஆகவே தாய்மார்களே, அடுத்த முறை அந்தப் பெண்கள் தேநீர் குடிக்கும்போது, கைப்பேசியைப் பிடுங்குவதற்கு முன் ஒரு பத்து நிமிடம் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். “இதில் உனக்குப் பிடித்தவள் யார்? உன் பள்ளியில் அவளைப்போல் யார் இருக்கிறார்கள்?” என்று கேளுங்கள். படத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும் பிள்ளை, நீங்கள் நெடுநாளாகக் கேட்டும் சொல்லாத பள்ளிக்கூடக் கதைகளையும் சொல்லிவிடும். யார் தனியாகச் சாப்பிடுகிறாள், யார் பேசுவதை நிறுத்திவிட்டாள், யார் வேறு பள்ளிக்கு மாறிப்போகிறாள் என்பவை எல்லாம் எந்தத் தேர்ச்சி அறிக்கையிலும் வருவதில்லை.